கரண்ட் போனால் பாடும் ரேடியோ

எங்கள் அக்காவுக்கு இப்போது 84 வயது. மன்னார்புரத்தில் எங்கள் வீட்டு வாசல் பக்கத்து அறை அவருடையது. சர்க்கரையால் பார்வை போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. டி.வி.யால் பயன் இல்லை, பேப்பரும் படிக்க முடியாது. தலைமாட்டில் இருக்கும் ரேடியோதான் துணை. நாலு பேட்டரி போட்டு ஓடும் பழைய செட் அது. அதன் முள் பெரும்பாலும் 936 கிலோஹெர்ட்ஸில், நம் திருச்சி வானொலியில், நிற்கும். ராத்திரி தூக்கம் வராவிட்டால் மெல்லத் திருகி சென்னையையும் தூத்துக்குடியையும் தேடுவார்.

நாலு வருடம் முன்பு ஒரு நாள், "தம்பி, ரேடியோ கொர்ருனு கத்துது, ஒண்ணும் கேக்கலை" என்றார்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னோம். "பழைய செட்டு அத்தை, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம்" என்றான் என் மகன். "போன்ல ஆப் போட்டுத் தரேன் பாட்டி" என்றான் பேரன். காது டாக்டரிடம் ஒருமுறை காட்டலாம் என்று என் மனைவி சொன்னாள். முப்பது வருடம் மின்னணு போர்டு வரைந்தே சம்பளம் வாங்கிய நானாவது யோசித்திருக்க வேண்டும். "கன்டென்சர் காஞ்சு போயிருக்கும் அக்கா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா மறுபடி கூப்பிட்டார். "கரண்ட் போனா நல்லாப் பாடுது தம்பி. கரண்ட் வந்தா திரும்பக் கத்துது. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறீங்க."

பேட்டரி ரேடியோவுக்கும் கரண்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் தெரியாத ஒரு மனுஷி, காதை மட்டும் வைத்துக்கொண்டு, சோதனைச்சாலையில் செய்வதுபோல ஒரு சோதனையைச் செய்து முடித்திருக்கிறார். அதன் விடையையும் சொல்லிவிட்டார். அது எனக்கல்லவா முதல் நாளே புரிந்திருக்க வேண்டும்?

அந்த வாரமே மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்தடை வந்தது. அக்கா அறையில் போய் உட்கார்ந்தேன். ரேடியோ மணி மாதிரி பாடியது. மின்சாரம் வந்த நிமிடத்தில் கொர்ர் என்று ஆரம்பித்தது. வீட்டில் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். அக்காவின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பேரனின் மேஜை. அங்கே கடைவீதி நடைபாதையில் 150 ரூபாய்க்கு வாங்கிய ஒரு போன் சார்ஜர் எந்நேரமும் சொருகியபடி இருக்கும். அதைப் பிடுங்கினதும் சத்தம் நின்றது.

"அப்ப ரேடியோ மேல தப்பு இல்லையே?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா. உங்க காது மேலயும் இல்ல" என்றேன்.

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. புதுச் சாமான் ஒன்று அக்கம்பக்கத்தைக் கெடுக்கிறது. பழி என்னவோ பழைய சாமான் மேலும் வயதானவர் மேலும் விழுகிறது. இந்தத் தப்பு எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதைச் செய்தவன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் காலத்து ரேடியோ, டேப் ரிக்கார்டருக்குப் பின்னால் ஒரு கனமான டிரான்ஸ்பார்மர் இருக்கும். அது 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கும். பிறகு நாலு டயோடு, ஒரு பெரிய கெபாசிட்டர், 7805 என்ற மூன்று கால் ஐசி. வெளியே 5 வோல்ட் வரும். சத்தம் கிடையாது, ஆனால் விரயம் அதிகம். 12 வோல்ட் உள்ளே போய் 5 வோல்ட் வெளியே வந்தால் மீதி 7 வோல்ட்டும் சூடாகத்தான் போகிறது. ஒரு ஆம்பியர் எடுத்தால் நமக்குக் கிடைப்பது 5 வாட், வீணாவது 7 வாட். அதனால்தான் அந்தப் பெட்டிகள் தொட்டால் சுட்டன.

இப்போதைய சார்ஜர் வேறு வகை. முக்கொம்பு மேலணை மதகை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைப் பாதி வழியில் தடுத்து வீணாக்காமல், மதகைத் திறப்பது, மூடுவது, திறப்பது, மூடுவது என்றே வேலை செய்தால் எப்படி இருக்கும்? கீழே ஒரு ஏரி இருந்தால் விட்டு விட்டு வரும் தண்ணீரும் அங்கே நிதானப்பட்டு வாய்க்காலில் சீராக ஓடும். சார்ஜருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்தான் மதகு. காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்தது ஏரி. இந்த மதகு ஒரு செகண்டுக்கு 50 ஆயிரம், 60 ஆயிரம், ஒரு லட்சம் தடவை திறந்து மூடும். வேகம் கூடியதால் டிரான்ஸ்பார்மர் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியது, விரயமும் குறைந்தது. 1977-இல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் என்பவர் இப்படி ஒரு பவர் சப்ளை செய்து கொடுத்ததால்தான் அந்தப் பெட்டிக்குள் விசிறி தேவைப்படவில்லை. இன்று போன் சார்ஜர், டி.வி., செட்டாப் பெட்டி என்று எதைத் திறந்தாலும் உள்ளே இதுதான்.

இதில் ஒரு வில்லங்கம். மதகைப் பட்டென்று திறந்து பட்டென்று மூடினால்தான் விரயம் குறையும். அந்தப் பட்டென்ற அடியில்தான் ரேடியோ அலை பிறக்கிறது. 52 கிலோஹெர்ட்ஸில் ஒரு மதகு அடித்துக்கொண்டிருந்தால் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, பத்து மடங்கு என்று எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சிதறும். மத்திய அலை வரிசை முழுக்க முள்ளுக்கு முள் ஒரு கொர்ர் கேட்பது இதனால்தான்.

52 என்று சும்மா சொல்லவில்லை. என் கதை அங்கேதான் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில், துவாக்குடிப் பக்கம் ஒரு சிறு தொழிற்கூடத்தில் நான் போர்டு வரைந்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் எங்களுக்கு வந்து சேரவில்லை. மைலார் ஷீட்டில் இரண்டு மடங்கு அளவில் கறுப்பு டேப்பை ஒட்டித்தான் வரைவோம். வளைவு வந்தால் டேப்பைப் பிளேடால் நறுக்கித் திருப்ப வேண்டும். அளவு பார்க்கும் கருவி ஒன்றுக்கு, 24 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் தரும் பவர் சப்ளை வேண்டும் என்றார்கள். எல்.எம். 2576 என்ற ஐசியை எடுத்தேன். 3 ஆம்பியர் கொடுக்கும், உள்ளேயே 52 கிலோஹெர்ட்ஸில் மதகு அடிக்கும். வெளியே நாலைந்து சாமான் வைத்தால் போதும்.

நான் வரைந்த போர்டு பார்க்க அழகாக இருந்தது. கெபாசிட்டர்கள் எல்லாம் ஒரு வரிசை, டயோடுகள் ஒரு வரிசை, ஐசி தனியாக ஒரு மூலையில், ஹீட் சிங்க்கோடு. குடியரசு தின அணிவகுப்பு மாதிரி. முதலாளியே பாராட்டினார். கருவியில் பொருத்தினோம். டிஸ்பிளேயில் கடைசி இரண்டு இலக்கமும் நிற்கவே இல்லை, ஆடிக்கொண்டே இருந்தன. நான் சாப்ட்வேர் எழுதியவரைக் குறை சொன்னேன், அவர் சென்ஸாரைக் குறை சொன்னார்.

எங்களிடம் ஒரு பெரியவர் இருந்தார். ராணுவத்தில் ஒயர்லெஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மத்தியானம் பாட்டுக் கேட்கச் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று வைத்திருப்பார். அதைக் கொண்டுவந்து என் போர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். திருச்சி நிலையம் பாடிக்கொண்டிருந்தது, போர்டுக்கு மின்சாரம் கொடுத்ததும் காணாமல் போனது. "52-ஐப் பதினெட்டால் பெருக்குங்க தம்பி" என்றார். பெருக்கினேன். 936. ஐசிக்கு ஐசி அந்த 52 கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் என் போர்டு நம் ஊர் நிலையத்தின் வாசற்படியிலேயே உட்கார்ந்து கத்தியிருக்கிறது.

அவர் செய்தது இவ்வளவுதான். போர்டைத் திருப்பி, ஐசியின் உள்ளீட்டுக் காலுக்கும் டயோடின் தரைக் காலுக்கும் நடுவில், கால்களைக் கட்டையாக வெட்டிய ஒரு சின்ன கெபாசிட்டரை நேராகப் பற்றவைத்தார். பாட்டு திரும்பி வந்தது. டிஸ்பிளேயில் இலக்கங்களும் நின்றன.

ஏன் என்று அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். போர்டில் செம்புத் தடம் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஏறக்குறைய ஒரு நானோஹென்றி இண்டக்டன்ஸ் சேர்ந்துவிடும். என் அணிவகுப்பில் அந்தக் கெபாசிட்டர் ஐசியிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. போக நாலு, வர நாலு, ஆக 80 மில்லிமீட்டர், அதாவது சுமார் 80 நானோஹென்றி. அதன் வழியாக 3 ஆம்பியர் 50 நானோ செகண்டில் நின்றால் ஏறக்குறைய 5 வோல்ட் துள்ளும். 5 வோல்ட் தர வேண்டிய சப்ளையில் 5 வோல்ட் துள்ளல்! மின்னோட்டம் போனால் மட்டும் போதாது, கிளம்பின இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். போகும் வழிக்கும் வரும் வழிக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுகிறோமோ, அவ்வளவு பெரிய ஏரியலை நாமே கட்டிக் கொடுக்கிறோம். அந்தப் பரப்பைப் பாதியாக்கினால் அது வீசும் அலையும் பாதியாகும்.

அதற்குப் பிறகு நான் வரைந்த எந்த போர்டிலும் இதைத்தான் முதலில் வைப்பேன். உள்ளீட்டுக் கெபாசிட்டர், ஸ்விட்ச், டயோடு மூன்றும் ஒட்டி உட்கார வேண்டும். மற்றதெல்லாம் மிச்சமான இடத்தில். ஸ்விட்ச்சும் டயோடும் காயிலும் சேரும் முனை மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருக்கும். அங்கே செம்பை அகலமாக விட்டால் அதுவே அலை வீசும், ஆகவே தேவைக்கு மேல் ஒரு நூல் கூடாது. வோல்ட்டேஜை அளந்து சொல்லும் மெல்லிய தடத்தைக் காயிலிலிருந்து எட்ட வைக்க வேண்டும். இரண்டு பக்க போர்டு என்றால் அடிப்பக்கம் முழுக்கத் தரையாக விட்டுவிட வேண்டும். உள்ளே மின்சாரம் நுழையும் இடத்தில் வைக்கும் சோக்கை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால், அது சத்தத்தை வடிகட்டுவதற்குப் பதில் வாங்கி வெளியே அனுப்பும்.

இதில் எதற்குக் காசு? கெபாசிட்டரை ஒன்றரை அங்குலம் நகர்த்த ஒரு பைசா ஆகாது. இதுதான் என் ஆதங்கம். சத்தம் என்பது புதுத் தொழில்நுட்பத்துக்கு நாம் கொடுத்தே தீர வேண்டிய விலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பகுதி அது கவனக்குறைவு. மீதி கஞ்சத்தனம்.

கஞ்சத்தனத்தை பேரனின் சார்ஜருக்குள் பார்த்தேன். (நீங்கள் யாரும் திறக்க வேண்டாம். 230 வோல்ட்டை நேராக்கினால் 325 வோல்ட் வரும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது கெபாசிட்டரில் தங்கியிருந்து அடிக்கும்.) உள்ளே போர்டில் சோக்குக்கு என்று இடம் விட்டு, எண் கூட அச்சடித்திருந்தது. ஆனால் சோக் இல்லை. அந்த இடத்தில் ஒரு கம்பித் துண்டைப் பற்றவைத்திருந்தார்கள். அதை வரைந்த பொறியாளருக்கு விஷயம் தெரியும். வேறு யாரோ பிறகு வந்து, இது இல்லாமலும் சார்ஜ் ஏறுகிறதே என்று எடுத்துவிட்டார்கள். போன் சார்ஜ் ஆகிறது, வாங்கினவருக்குக் குறை தெரியாது. குறை தெரிவது சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் அக்காவுக்கு. அவர் அந்தக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட முடியுமா?

வாங்குகிறவனும் விற்கிறவனும் சந்தோஷமாக இருந்து மூன்றாவது ஆள் கஷ்டப்படும் இடத்தில்தான் சட்டம் வர வேண்டும். அது புதிதும் இல்லை. ரேடியோவுக்கு இடைஞ்சல் செய்யும் மின்சாமான்களுக்கு எல்லை வகுக்கவே 1934-இல் சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு அமைந்தது. நம் திருச்சி நிலையம் 1939 மே 16-இல் தொடங்கியதற்கும் ஐந்து வருடம் முந்தி! வீட்டில் பயன்படும் மின்னணுச் சாமான்கள் மின்கம்பி வழியாக வெளியே விடும் சத்தத்துக்கு அவர்கள் வகுத்த எல்லை, 500 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏறக்குறைய 630 மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைத் தாண்டாத சார்ஜர்கள் கடையில் இருக்கின்றன. செய்ய முடியாத காரியம் இல்லை.

நம் நாட்டில் சார்ஜர் விற்க இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்ய வேண்டும். நல்லது. ஆனால் அந்தப் பதிவுக்குப் பார்க்கும் ஐ.எஸ். 13252 பாதுகாப்புத் தரம். ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்று பார்க்கும். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், உயிர்தான் முதலில். அதே பதிவில், அதே நாளில், பக்கத்து ரேடியோவைக் கெடுக்குமா என்பதையும் கட்டாயமாகப் பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்புகள் வீடுகளுக்குப் போயிருக்கின்றன. கரண்ட் பில் குறைந்தது, நான் அதை வரவேற்கிறேன். ஆனால் இத்தனை கோடி சாமான்கள் சுவரில் ஏறும் காலத்தில், ஒவ்வொன்றும் துளித் துளியாக விடும் சத்தம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா?

"இந்தக் காலத்தில் மத்திய அலை யார் சார் கேட்கிறார்கள்?" என்று நடைப்பயிற்சியில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் இரண்டு பதில்.

ஒன்று, கெடுவது ரேடியோ மட்டும் இல்லை. மட்டமான சார்ஜரில் சொருகியிருக்கும்போது போன் திரையைத் தொட்டால் விரல் ஒரு இடம், எழுத்து ஒரு இடம் என்று பேய் பிடித்த மாதிரி ஆடும். பலர் பார்த்திருப்பீர்கள். போனைக் குறை சொல்வோம். அதுவும் இதே சத்தம்தான்.

இரண்டாவது, கேட்கிற ஆள் குறைவு என்பதால் அவர்களுக்கு உரிமை இல்லை என்று ஆகிவிடாது. அறுபதுகளில் நம் டெல்டா விவசாயிகள் ஏ.டி.டி. 27 என்ற நெல்லை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று நினைவிருக்கிறதா? ரேடியோ நெல். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியைக் கேட்டுத்தான் அதைப் பயிரிட்டார்கள், அதனால் அந்தப் பெயர். ஒரு நெல்லுக்கே பெயர் வைத்த நிலையம் நம் ஊரில் இருக்கிறது. அதன் கடைசி நேயர்கள் வயதானவர்கள், பார்வை இல்லாதவர்கள், போனில் ஆப் திறக்கத் தெரியாதவர்கள். அவர்களிடம் "உங்க செட்டு பழசு" என்று சொல்லி வாயை அடைப்பது எனக்கு ஒப்பவில்லை.

சிறு தொழிற்கூடங்களால் சோதனைச் செலவைத் தாங்க முடியாது என்றும் சொல்வார்கள். முறையான சோதனைக்குச் சென்னை தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. செலவு உண்டுதான். சிறு தொழில்களுக்கு அரசு அதில் ஒரு பங்கைத் தரட்டும், தப்பில்லை. ஆனால் அங்கே போவதற்கு முன்னால், பேட்டரி ரேடியோ ஒன்றை போர்டு பக்கத்தில் வைத்துப் பார்க்க எந்தச் செலவும் இல்லை. எங்கள் பெரியவர் காட்டிய வழி அது. நம் ஊர்க் கல்லூரிகளில் போர்டு வரையும் பிள்ளைகளுக்கு, சாமான் வேலை செய்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், பக்கத்தில் இருக்கும் ரேடியோ பாடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். பேராசிரியர்களுக்கு இது என் வேண்டுகோள்.

உங்கள் வீட்டிலும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பேட்டரி ரேடியோவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, சார்ஜர், பல்பு, செட்டாப் பெட்டி ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொண்டுபோங்கள். கத்துவது எது என்று தெரிந்துவிடும். கத்துவதை வேலை முடிந்ததும் பிடுங்கி வையுங்கள். அடுத்த தடவை வாங்கும்போது போன் கம்பெனியின் சொந்த சார்ஜரையே வாங்குங்கள். சார்ஜர் ஒயரை ரேடியோ மேல் போடாதீர்கள். இரண்டடி தள்ளி வைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

பேரன் அந்த 150 ரூபாய் சார்ஜரைக் குப்பையில் போட்டுவிட்டான். இப்போது வேறு சார்ஜர். அதைச் சொருகின முதல் நாள் அக்கா அறைக்குப் போய், ரேடியோவைத் தானே போட்டு, "கேக்குதா பாட்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தான்.